சுமார் அக்காவின் பஸ் கணக்கு

அந்த ஸ்டுடியோவில் அவளுக்குச் சுமார் அக்கா என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் முதல் நாள் திருதிருவென்று விழிப்பார்கள். இப்படியா ஒருத்தரை முகத்துக்கு நேராகவே மட்டம் தட்டுவது? ஓரிரு நாளில் விஷயம் புரிந்துவிடும். எதைக் கேட்டாலும் அவளுடைய பதில் "சுமாரா" என்றுதான் ஆரம்பிக்கும். சுமாரா நாலு மணி நேரம். சுமாரா ரெண்டு அலமாரி. சொல்லிக்கொண்டே கையில் கிடைத்த கவரின் பின்பக்கத்தில் கிறுக்குவாள். அந்தச் சுமார், மற்றவர்கள் கால்குலேட்டரைத் தட்டித் தட்டிச் சொல்லும் விடையைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே மாடியில் மூன்று அறைகள். ஒன்றில் ஆறு பேர் உட்கார்ந்து வரைவார்கள். இன்னொன்றில் இயக்குநர், அதாவது அக்காவின் கூடப்பிறந்த தம்பி, உட்கார்ந்து அவர்கள் வரைந்ததையெல்லாம் குறை சொல்வான். மூன்றாவது அறை அக்காவின் ராஜ்ஜியம். அங்கே ஏசி நிற்காமல் ஓடும். உள்ளே போகிறவர்கள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஆளுயரத்துக்கு அடுக்கிய மெஷின்கள், அவற்றுக்குள் வரிசை வரிசையாக ஹார்ட் டிஸ்க், அந்த டிஸ்க்குகளுக்குள் ஓர் ஆடு. கப்பலேறிக் கடல் தாண்டிப் போகிற அந்த ஆட்டின் கதையைத்தான் நான்கு வருஷமாக அனிமேஷன் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் வீட்டுக்காரருக்குக் கேபிள் கம்பெனியில் வேலை. முடியளவு மெல்லிய கண்ணாடி இழைகளை உருக்கி ஒட்டுகிறவர். ஊரில் பாதி வீடுகளின் இன்டர்நெட் அவர் கை பட்டுத்தான் ஓடுகிறது. ஆக, ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி. டேட்டாவை டிஸ்க்கில் அடைத்துப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவதுதான் வேகம் என்பது அக்கா கட்சி. கம்பியில் அனுப்புவதுதான் வேகம் என்பது அவர் கட்சி. கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அக்கா ஆரம்பித்தாள்.

"ஒரு தீப்பெட்டி நிறைய மெமரி கார்டு. சுமாரா நூறுன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொண்ணும் ஒரு டெராபைட். அத ஒரு ஆமை முதுகுல கட்டி விட்டுடறேன். தெரு முனைக்குப் போய்ச் சேர சுமாரா ஒரு மணி நேரம். அதையே நம்ம வீட்டு லைன்ல அனுப்புனா எவ்ளோ நாளாகும், சொல்லுங்க பாப்போம்."

"நீயே சொல்லு."

"மூணு மாசம். ஆமைகிட்ட தோத்துப்போன கம்பெனியிலயா வேலை பாக்குறீங்க?"

அவர் அசரவில்லை. "சரி. தெரு முனையில நிக்கிறவர்கிட்ட 'சாவிய எங்க வச்சீங்க'ன்னு ஒரு வார்த்தை கேக்கணும். ஆமைய அனுப்பிட்டு வாசல்லயே உக்காந்திரு. ரெண்டு மணி நேரத்துல பதில் வந்துரும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அதோடு விட்டாரா? தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொன்றும் கேட்டார். "அந்த நூறு கார்டுலயும் டேட்டாவ யாரு ஏத்துனாங்க? அந்தப் பக்கம் யாரு இறக்குவாங்க? உன் கணக்குல அந்த நேரத்தையே காணோமே."

அக்கா கணக்கில் தோற்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஏற்றுகிற நேரமும் இறக்குகிற நேரமும் சேர்ந்தால் பயண நேரத்தையே சாப்பிட்டுவிடும். லாரி வைத்திருக்கிற எவரும் சொல்வார்கள். அவளுக்குத்தான் தோன்றாமல் போயிற்று. அன்றிலிருந்து அவள் கணக்கில் எப்போதும் மூன்று வரி இருக்கும். ஏற்ற இவ்வளவு, ரோட்டில் இவ்வளவு, இறக்க இவ்வளவு. எந்தக் கவரைத் திருப்பிப் பார்த்தாலும் அந்த மூன்று வரி. அதற்குப் பிறகு பல தடவை அவள் ஜெயித்தாள், சில தடவை அவர் ஜெயித்தார். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. வீட்டில் கழுவாத பாத்திரம் தங்கியதே இல்லை.

இனி தம்பியின் கதைக்கு வருவோம். திறமைசாலி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வேலையை முடித்தோம் என்று கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கத் தெரியாதவன். படத்தின் கடைசிக் காட்சியில் ஆடு கரையில் இறங்கும். இறங்கியதும் கப்பலைத் திரும்பிப் பார்க்குமா, பார்க்காதா? இதுதான் பிரச்சினை. முதலில் பார்த்தது. பிறகு பார்க்கவில்லை. பிறகு பாதி திரும்பி நின்றது. பிறகு காது மட்டும் அசைந்தது. ஒவ்வொரு தடவையும் ஆறு பேரும் மறுபடி வரைந்தார்கள். மெஷின்கள் நாள்கணக்கில் சூடாகிப் புதிய படங்களைத் துப்பின. இதற்குள் படம் வெளியாக வேண்டிய தேதி இரண்டு தடவை கை நழுவிப் போய்விட்டது.

மூன்றாவது தடவை விநியோகஸ்தர் நேரிலேயே வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "தம்பி, திங்கக்கிழம காலைல லேப் திறக்கும்போது உங்க படம் அங்க ரெடியா இருக்கணும். இல்லன்னா அந்த இடத்துல வேற படம் போயிடும். இதுக்கு மேல நான் யார்கிட்டயும் போய் நிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். தியேட்டர்களுக்குப் போகும் காப்பியைத் தயார் செய்கிற அந்த லேப் வேறு ஊரில் இருந்தது. பஸ்ஸில் ஆறு மணி நேரம். அவர் படியிறங்கிப் போன பிறகு வரைகிற அறையில் ஆறு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். இந்தத் தடவையும் விட்டால் படம் டிஸ்க்கிலேயே கிடந்து மட்க வேண்டியதுதான். தம்பியைத் தேடி இனி யாரும் மாடியேறி வரப்போவதில்லை. எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தம்பி படம் முடிந்தது என்று அறிவித்தான். முன்பும் இரண்டு தடவை இப்படி அறிவித்தவன்தான் என்பதால் ஒருவரும் கை தட்டவில்லை. எப்படி அனுப்புவது என்று பேச உட்கார்ந்தார்கள். வேலைக்குப் போகிற வழியில் அக்காவின் வீட்டுக்காரரும் மாடியேறி வந்திருந்தார். எல்லோர் கையிலும் டீ.

அக்கா ஒரு பழைய கவரைத் திருப்பினாள். "ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்கு, சுமாரா அம்பது எம்பி. நொடிக்கு இருபத்தி நாலு படம். மொத்தம் சுமாரா அய்யாயிரம் நொடி. ஆறு டெராபைட் ஆச்சு. நம்ம ஆபீஸ் லைன்ல அனுப்புனா மூணு நாள். அது திங்கக்கிழம வாசல்ல போய் முட்டும். நடுவுல ஒரு தடவ கரண்ட் போச்சுன்னா முடிஞ்சுது கதை."

"அதுக்கு எதுக்கு அந்த லைனு?" என்றார் அவர். "தெரு முனைப் பெட்டியில ஒரு இழை சும்மா கிடக்கு. ஆபீஸ்ல கேட்டுட்டேன், ரெண்டு நாளைக்குத் தர்றேன்னுட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள உங்க மாடிக்கு இழுத்துடறேன். நல்ல தடி லைனு. பதிமூணு மணி நேரம், மிஞ்சிப் போனா பதினாலு. நாளைக்குக் காலைல மொத்தப் படமும் லேப்ல இருக்கும்."

நல்ல யோசனை. எந்தக் குறையும் சொல்ல முடியாத யோசனை. அக்காவும் சரியென்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் தம்பி முகத்தில் பல்பு எரிந்தது.

"அப்படின்னா ஞாயித்துக்கிழம வரைக்கும் லைன் இருக்கும்ல மாமா? முதல்ல இத அனுப்பிட்டு, அப்புறம் எதாச்சும் தோணுச்சுன்னா மாத்தி மாத்தி அனுப்பலாம்ல?"

 வரைகிற அறையின் வாசலில் நின்றிருந்த பெண் ஒருத்தி, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். லைன் இருக்கிறவரை இவன் மாற்றுவான். ஞாயிறு முழுக்க மாற்றுவான். திங்கள் காலை லேப் திறக்கும்போது பாதி ஆடு அந்த ஊரிலும் மீதி ஆடு இந்த ஊரிலும் நிற்கும். தம்பி மேல் அக்காவுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன் அழிந்துவிடுவானோ என்ற பயம் அதைவிட அதிகமாக இருந்தது.

பஸ்ஸில் போவதில் ஒரு வசதி உண்டு. பை கிளம்பிவிட்டால் கிளம்பியதுதான். எந்த இயக்குநர் தலைகீழாக நின்றாலும் அதைத் திரும்பக் கூப்பிட முடியாது.

அக்கா கவரில் ஒரே ஒரு வரி எழுதினாள்.

"பஸ்ஸுல ஆறு மணி நேரம். ஆறு டெராபைட். மணிக்கு ஒரு டெராபைட். உங்க மாமா லைனுக்குப் பதிமூணு மணி நேரம். பாதிக்கும் கம்மி. நான் பஸ்ஸுலயே எடுத்துட்டுப் போறேன்."

ஏற்றப் பதினொரு மணி நேரம் ஆகும். அந்தப் பக்கம் இறக்க இன்னொரு பதினொன்று. அந்த இரண்டையும் சேர்த்தால் பஸ் தோற்றுப்போகும், அதுவும் கேவலமாகத் தோற்கும். அக்காவுக்கு இது மறந்துபோகவில்லை. வேண்டுமென்றே விட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தே ஒரு தப்புக் கணக்கை, கண் இமைக்காமல், நாலு பேர் முன்னால் போட்டாள். குரலில் வழக்கமான தெம்பு கொஞ்சமும் குறையவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த ஒரு ஓட்டையை வைத்துத்தானே அந்த மனிதர் அவளை அன்று மடக்கினார்! உதட்டில் சிரிப்புகூட எட்டிப் பார்த்தது. "ஏத்தி..." என்று தொடங்கினார். அக்கா அவரைப் பார்த்தாள். வேறொன்றும் செய்யவில்லை, பார்த்தாள். அவர் ஒரு வாய் டீயைக் குடித்தார். பிறகு இன்னொரு வாய்.

"பஸ்ஸுதான் வேகம்" என்றார் கடைசியில், கேபிள் கம்பெனிக்காரர். "கம்பிய நம்ப முடியாது."

தன் தொழிலையே இப்படி விட்டுக்கொடுத்த ஆளை அக்கா அதற்குமுன் பார்த்ததில்லை. அப்போதே எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நாலு பேர் இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டாள். தம்பி கவரை எடுத்து ஒரு பார்வை பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி இருந்தது. பிறகு, "சரிக்கா, உன் கணக்கு எப்பத் தப்பாச்சு?" என்று கவரை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

உடனே ஏற்றத் தொடங்கினாள். ஏற்றும்போது யாரும் படங்களைத் தொடக் கூடாது என்று மெஷினில் அவை இருந்த பகுதியையே பூட்டிவிட்டாள். தம்பி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மறுபடி மறுபடி எட்டிப் பார்த்தான்.

"அக்கா, அந்தக் காது மட்டும் கொஞ்சம்..."

"காதுமில்ல, வாலுமில்ல. போ."

"ஒரே ஒரு தடவ திறயேன். பாத்துட்டு மூடிடறேன்."

"டேய், நான் உன் அக்காவா இருக்கும்போதே போயிடு."

போனான். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தான். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டிஸ்க்குகளின் சின்னப் பச்சை விளக்குகள் மினுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. ஆனாலும் பூட்டைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் பஸ் நிலையத்துக்குத் தம்பியே பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். டிஸ்க்குகளைத் துண்டில் சுற்றி, அதற்கு மேல் ஒரு போர்வையைச் சுற்றி வைத்திருந்தார்கள். கண்டக்டர் பையைப் பார்த்துவிட்டு, அடியில் போட்டுவிடச் சொன்னார்.

"அதெல்லாம் போட முடியாது. மடியிலதான் வச்சுப்பேன்."

"அப்படி என்னம்மா இருக்கு உள்ள?"

"ஒரு ஆடு" என்றாள் அக்கா.

கண்டக்டர் போர்வைச் சுருளை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, வேறொரு பயணியைத் திட்டப் போய்விட்டார். அக்கா சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். தம்பி பையை ஜன்னல் வரைக்கும் தூக்கினான். தூக்கியவன் விடவில்லை. அவள் பையின் ஒரு காதைப் பிடித்திருந்தாள், அவன் இன்னொரு காதை. டிரைவர் வண்டியை உறுமவிட்டார். பின்சீட்டுக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். தம்பியின் கண் கலங்கியிருந்தது.

"பிடிச்சது போதும்டா" என்றாள் அக்கா, மெதுவாக.

விட்டான். பஸ் கிளம்பியது. நிலையத்தைத் தாண்டும்வரை அக்கா திரும்பியே பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவோமோ என்று அவளுக்குப் பயம்.

பயணம் சொன்னபடியே நடந்தது. லீவு நாளிலும் டேட்டாவை வாங்கிக்கொள்ள லேப்பில் ஓர் ஆள் இருந்தார்; இறக்கும் வேலை ஞாயிறு விடிகாலையில் முடிந்தது. அன்று பகல் முழுக்க அக்கா லேப்பில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, எல்லாப் படமும் பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்த்தாள். எல்லாம் இருந்தது. தம்பியிடமிருந்து போனே வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் லேப் ஆபரேட்டர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெஷின் முன் உட்கார்ந்தார். "மாத்தம் எதாச்சும் இருக்காம்மா? இத அழுத்திட்டா அப்புறம் உள்ள கை வைக்க முடியாது" என்றார்.

அந்த நேரம் பார்த்தா போன் அடிக்க வேண்டும்! தம்பி.

"அக்கா, ஆரம்பிச்சுட்டாங்களா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

 டயர் கடையில் காற்றடிக்கிற மெஷின் ஓடும் சத்தம் போனில் கேட்டது. "கடைசி சீன் மட்டும்... ஞாயித்துக்கிழம உக்காந்து வேற மாதிரி ஒண்ணு பண்ணிட்டேன். நாப்பது நொடிதான். நம்ம ஆபீஸ் லைன்லயே சுமாரா அரை மணி நேரத்துல அங்க வந்துரும். அவங்க அரை மணி நேரம் காத்திருக்க மாட்டாங்களா?"

அக்காவின் மூளை பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தது. சரிதான், அரை மணி நேரம். நாற்பது நொடிப் படத்துக்கு எந்த பஸ்ஸாலும் கம்பியை ஜெயிக்க முடியாது. ஆபரேட்டரும் அரை மணி நேரம் காத்திருப்பார். அதற்குப் பிறகு இன்னொரு அரை மணி நேரம். அதற்குப் பிறகு தம்பிக்கு இன்னொன்று தோன்றும். அவளிடம் கணக்கு எதுவும் மிச்சமில்லை. உண்மை மட்டும்தான் இருந்தது.

"டேய், நான் உன்ன ஏமாத்திட்டேன். அன்னைக்கு ஏத்துறதையும் இறக்குறதையும் வேணும்னே சேக்காம விட்டேன். உங்க மாமா லைன்தான் வேகம். ஒரு நாள் முன்னாடியே வந்திருக்கும்."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"கவர்ல நீ ஒரே வரிதான எழுதியிருந்த. நாலு வருஷம் உன்கூட உக்காந்திருக்கேன், நீ மூணு வரி எழுதாம விட்டு நான் பாத்ததே இல்ல."

 "தெரிஞ்சும் ஏண்டா பைய விட்ட?"

"உன் கணக்க நம்பித்தான் இந்தப் படத்தையே ஓட்டுனேன். எனக்கு நல்லா இருக்கணும்னு நீ ஒரு தடவகூடக் கூட்டிச் சொன்னதில்ல, கொறச்சும் சொன்னதில்ல. நீயே எனக்காகப் பொய்க் கணக்கு போடுற நெலமைக்கு உன்னக் கொண்டு வந்து விட்டுட்டேன்னு தோணுச்சு. ரொம்ப வெக்கமா இருந்துச்சுக்கா. அதான் விட்டேன்."

 அக்காவுக்குக் கண்ணீர் மளமளவென்று வந்தது. துடைக்கவும் கை ஓடவில்லை. ஆபரேட்டர் தர்மசங்கடத்தோடு மெஷினைப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?" என்றாள் கடைசியில்.

"வேண்டாம்னு நீ சொல்லு. விட்டுடறேன்."

"நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவ உனக்குப் பதிலா நான் முடிவு பண்ணேன், அது போதும். இது உன் படம். அவரு இங்க உக்காந்திருக்காரு. நீயே சொல்லு."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, ஆபரேட்டரின் மேஜைமேல் வைத்தாள். காற்றடிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. தம்பி தொண்டையைச் செருமினான்.

"சார்," என்றான், "மாத்தம் ஒண்ணும் இல்ல. அழுத்திடுங்க."

ஆபரேட்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையசைத்தாள். அவர் அழுத்தினார்.